1911 பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங் தேர்வும் கோளாறு கண்டறிதலும்: முழுமையான வழிகாட்டி

1911 பிஸ்டல் தகராறு செய்தால் பலர் முதலில் மாற்றிப் பார்ப்பது, பின்னே போன ஸ்லைடை (துப்பாக்கியின் மேல் நகரும் பகுதி) முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைத்தான். விலை குறைவு, மாற்றுவதும் சில நிமிட வேலை. ஆனால் கோளாறின் வேர் பெரும்பாலும் மேகசினிலோ, காலி உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரிலோ, தோட்டாவிலோ இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றியதும் கோளாறு சில நூறு ரவுண்டு மறைந்திருந்துவிட்டுத் திரும்பி வரும். அதனால் எந்தக் கோளாறுக்கு ஸ்பிரிங் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இங்கே எடுத்துக்கொள்வது 5 அங்குல பேரல் கொண்ட, .45 ஏசிபி தோட்டா சுடும் முழு அளவு எஃகு 1911. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் 6000 ரவுண்டு சோதனையில் தேறி, அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு. மற்ற அளவுகளும் வகைகளும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

ஸ்பிரிங்கின் உண்மையான வேலை

தோட்டா வெடித்ததும் ஸ்லைடும் பேரலும் ஒன்றாகப் பூட்டியபடியே சிறிது பின்னால் நகர்கின்றன. பிறகு லிங்க் என்ற சிறு இணைப்பு பேரலைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய்க் காலி உறையை உருவி, எஜெக்டரில் மோதவிட்டு வெளியே எறிகிறது, ஹேமரைச் சாய்க்கிறது, ரீகாயில் ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அந்த ஸ்பிரிங்தான் ஸ்லைடை முன்னே தள்ளி, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைப் பிடுங்கி, ரேம்ப் என்ற சரிவு வழியாக ஏற்றி, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் நுழைத்து, பேரலை மறுபடி பூட்ட வேண்டும்.

பெயரைப் பார்த்து இது கைக்கு வரும் உதையைக் குறைக்கும் பாகம் என்று பலர் நினைக்கிறார்கள். இதன் முக்கிய வேலை முன்னோக்கிய பயணம். பின்னோக்கிய பயணத்தில் ஸ்லைடைத் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு, ஆனால் அது தனியாகச் செய்வதில்லை. ஹேமரைத் தாங்கும் மெயின்ஸ்பிரிங்கும், ஹேமரை உருட்டிச் சாய்க்கும் ஃபயரிங் பின் ஸ்டாப்பின் அடி விளிம்பும் சேர்ந்தே அந்த வேகத்தைக் குறைக்கின்றன. மெயின்ஸ்பிரிங் வழக்கமாக 23 பவுண்டு. டிரிகர் இலகுவாக வேண்டும் என்று அதை 19 பவுண்டாக மாற்றியவர்கள், திடீரென உறைகள் தூரம் பறக்கின்றன என்று ரீகாயில் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதுண்டு. ஃபயரிங் பின் ஸ்டாப்பின் அடி விளிம்பு பெரிய வளைவாக இருந்தால் ஹேமர் எளிதில் சாயும். 5/64 அங்குலம் போன்ற சிறிய வளைவாக இருந்தால் ஸ்லைடு தொடக்கத்திலேயே அதிகத் தடையைச் சந்திக்கும். ஸ்பிரிங்கின் எண்ணை ஏற்றாமலே ஸ்லைடின் வேகத்தைக் குறைக்க இது நல்ல வழி.

பாக்கெட்டில் உள்ள எண்

16 பவுண்டு என்று எழுதியிருந்தால், ஸ்லைடு முழுவதும் பின்னே போன நிலையில் ஸ்பிரிங் தரும் விசை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.3 கிலோ எடைக்குச் சமம். ஸ்லைடு மூடியிருக்கும்போது அதே ஸ்பிரிங்கின் விசை அதைவிட வெகுவாகக் குறைவு. கடைசி சில மில்லிமீட்டரில் ஸ்லைடைப் பூட்டுக்குள் தள்ளுவது இந்தக் குறைந்த விசைதான். அதனால் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு ஸ்பிரிங்குகளை ஒப்பிடுவது ஏமாற்றும்.

சீரான சுருள் இடைவெளி கொண்ட சாதாரண ஸ்பிரிங், இடைவெளி மாறிக்கொண்டே போகும் வேரியபிள் ஸ்பிரிங் என்று இரண்டு வகை உண்டு. ஒரே 16 பவுண்டு எண் இருந்தாலும் வேரியபிள் வகை மூடிய நிலையில் மென்மையாக இருக்கும், கடைசியில்தான் இறுகும். ஸ்லைடை இழுக்க இலகுவாகத் தோன்றும், ஆனால் மூடும் விசை குறைவு. மூடுவதில் தடுமாறும் துப்பாக்கிக்குச் சாதாரண வகையே நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரே தயாரிப்பாளரின், ஒரே வகை ஸ்பிரிங்குகளை வாங்குங்கள். வுல்ஃப் போன்ற நிறுவனங்களிடம் ஒரு பவுண்டு இடைவெளியில் வரிசையாகக் கிடைக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்காதீர்கள். இரண்டு சுருளை வெட்டினால் முதலில் குறைவது மூடிய நிலையின் விசை. துப்பாக்கி மூடுவதற்கு நம்பியிருப்பது அதைத்தான்.

எங்கிருந்து தொடங்குவது

230 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டு, விநாடிக்கு 830 அடியை ஒட்டிய வேகம்: ராணுவ ரகத் தோட்டாவின் அளவு இது. இதற்கு 5 அங்குல பேரலில் 16 பவுண்டு. பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் இதிலிருந்து விலக நல்ல காரணம் இருக்க வேண்டும். கூடுதல் அழுத்தத் தோட்டாக்களையே எப்போதும் சுடுபவர் 18.5 வரை போகலாம். அதற்கு மேல் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்று பின்னால் வரும்.

போட்டித் தோட்டாவுக்குப் பவர் ஃபேக்டர் கணக்கு கைகொடுக்கும். குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. ராணுவ ரகம் 190-ஐ ஒட்டி வரும். அமெரிக்காவின் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு நடத்தும் துப்பாக்கிச் சுடும் போட்டியில் மேஜர் பிரிவுக்குத் தேவை 165. எனவே 200 கிரெயின் குண்டு 850 அடி வேகத்தில் 170 தரும். இதற்கு 15 அல்லது 16 பவுண்டு போதும். ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் நடப்பது போன்ற புல்ஸ்ஐ போட்டிகளில் 185 கிரெயின் செமி வாட்கட்டர் குண்டை 750 அடி அளவில் மென்மையாகச் சுடுவார்கள். பவர் ஃபேக்டர் 139 அளவுதான். 16 பவுண்டு ஸ்பிரிங்கை இந்தத் தோட்டா முழுதாகப் பின்னே தள்ளாது, 12 அல்லது 13 வேண்டும்.

5 அங்குல 9 மி.மீ. 1911-க்கு 12 முதல் 14, .38 சூப்பருக்கு 14-ஐ ஒட்டி, 10 மி.மீ.-க்கு 20-க்கு மேல். 4.25 அங்குல கமாண்டர் அளவு .45-க்கு 18, 3.5 அங்குல ஆஃபீசர்ஸ் அளவுக்கு 22-ஐ ஒட்டி. சிறிய துப்பாக்கிக்கு ஏன் கடினமான ஸ்பிரிங்? ஸ்லைடு இலகுவானது, அதனால் வேகமாகப் பின்னே வருகிறது. ஓடும் தூரமும் குறைவு. அந்தச் சிறிய தூரத்துக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும். சிறிய 1911-கள் ஸ்பிரிங், தோட்டா, மேகசின் மூன்றிலும் அதிகம் அடம்பிடிப்பது இதனால்தான்.

மாற்றும் முறை

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்து, பேரலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை அந்த மேசையிலிருந்தே அகற்றிவிடுங்கள். கண்ணாடி அணியுங்கள்: அமுங்கிய ஸ்பிரிங்கும் அதன் முன்மூடியும் கை நழுவினால் முகத்தை நோக்கிப் பாயும்.

ஸ்லைடு மூடியிருக்க, பேரலுக்குக் கீழே உள்ள ஸ்பிரிங் பிளக்கைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கி, பேரலின் முனையைச் சுற்றியுள்ள வளையமான புஷிங்கைக் கால் சுற்று அளவு திருப்புங்கள். பிளக்கை விரலால் தடுத்துக்கொண்டே மெதுவாக வெளியே வர விடுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு நகர்த்தி, ஸ்லைடு ஸ்டாப்பின் முனை சிறிய பிறைப் பள்ளத்துக்கு நேராக வந்ததும் வலப்பக்கத்திலிருந்து அதன் ஊசியை அழுத்தி இடப்பக்கம் உருவுங்கள். ஸ்லைடு முன்னே கழன்று வரும்.

புதிய ஸ்பிரிங்கின் ஒரு முனை சற்று இறுக்கமாக இருக்கும். அந்த முனை, ஸ்பிரிங்குக்குள் செல்லும் கம்பியான கைடு ராடின் மீது போக வேண்டும். பிளக்கின் உள்ளே சிறிய நாக்கு இருந்தால் மறு முனையை அதில் திருகி மாட்டுங்கள், அடுத்த முறை கழற்றும்போது பிளக் பறக்காது. முழு நீளக் கைடு ராடு வைத்தால் நம்பகத்தன்மை கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கழற்றுவதுதான் கடினமாகும்.

மாட்டி முடித்ததும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, சுருள்கள் ஒன்றோடொன்று மோதி ஸ்பிரிங் கெட்டியாவதற்கு முன்பே ஸ்லைடு முழுதாகப் பின்னே போகிறதா? கெட்டியான ஸ்பிரிங் ஸ்லைடின் பயணத்தைத் திருடும், கைடு ராடையும் அடித்து நொறுக்கும். அதிக எண் கொண்ட ஸ்பிரிங்கோடு பாலியூரித்தேன் பஃபரையும் சேர்த்துப் போடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பஃபர் ஏற்கெனவே ஏறத்தாழ 2.5 மி.மீ. ஓட்டத்தைத் தின்றிருக்கும். இரண்டு, சேஃப்டி, கிரிப் சேஃப்டி, டிஸ்கனெக்டர் (ஸ்லைடு முழுதாக மூடாதபோது சுட விடாத பாகம்) மூன்றும் வேலை செய்கின்றனவா? காலித் துப்பாக்கியில் சோதித்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும்.

களத்தில் சோதனை

சுத்தமான, எண்ணெயிட்ட துப்பாக்கி. ரெயில், பேரலின் மேற்பகுதி, புஷிங் உரசும் இடம், பேரலின் அடிக்காது: இந்த நான்கு இடங்களில் இடத்துக்கொரு துளி எண்ணெய் போதும். தோட்டா, தொழிற்சாலையில் செய்த 230 கிரெயின் ராணுவ ரகம். மேகசின்கள் எல்லாவற்றுக்கும் மார்க்கரால் எண் போடுங்கள். ஒரே மேகசின் தொடர்ந்து மாட்டுகிறது என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் சோதனை: மேகசினில் ஒரே ஒரு தோட்டா. ஏற்றிச் சுட்டதும் ஸ்லைடு பின்னே பூட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு மேகசினிலும் இதைச் செய்யுங்கள். பிறகு ஒற்றைக் கையில், அடுத்து பழகாத கையில், பிடியைச் சற்றுத் தளர்த்தி. நிற்காமல் போனால் ஸ்லைடு முழுத் தூரம் வரவில்லை. இரண்டாவது சோதனை: இரண்டு தோட்டா ஏற்றி வேகமாகச் சுடுவது. மூன்றாவது: நிரம்பிய மேகசினின் முதல் தோட்டா. மேகசின் ஸ்பிரிங் முழுதாக அமுங்கியிருக்கும் நிலையில் தோட்டாவைப் பிடுங்குவதற்குத்தான் ஸ்லைடுக்கு அதிக சக்தி வேண்டும்.

16-இல் எல்லாம் சரியாக ஓடினால் அங்கேயே நிறுத்தலாம். இல்லையென்றால் இரண்டு எல்லைகளைத் தேடுங்கள். ஒவ்வொரு பவுண்டாக ஏற்றிக்கொண்டே போய், தளர்ந்த பிடியில் ஒற்றைத் தோட்டா சோதனை தோற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறக்கிக்கொண்டே போய், சில மேகசின் சுட்டு அழுக்கேறிய துப்பாக்கி முழுதாக மூடத் தயங்கும் எண்ணைக் குறியுங்கள். உங்கள் தோட்டாவுக்கான ஸ்பிரிங் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு எல்லைகளும் இரண்டு பவுண்டு தூரத்துக்குள் நெருங்கி வந்தால் பிரச்சினை ஸ்பிரிங்கில் இல்லை. வேறெங்கோ உராய்வு இருக்கிறது.

காலி உறை ஆறிலிருந்து பத்து அடிக்குள் ஓரளவு ஒரே இடத்தில் விழுந்தால் நல்ல அறிகுறி. ஆனால் எஜெக்டரின் நீளமும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும் இதில் கலந்திருப்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஸ்பிரிங்கையும் மேகசினையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

கோளாறுகளைப் பிரித்தறிதல்

*ஸ்லைடு கடைசி சில மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது.* குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரல் டிரிகருக்கு வெளியே. ஸ்லைடின் பின்புறத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளுங்கள். இலேசாகத் தள்ளியதும் மூடினால் உராய்வோ தளர்ந்த ஸ்பிரிங்கோ காரணம்: அழுக்கு, எண்ணெய்க் குறை, இறுகிய எக்ஸ்ட்ராக்டர். அழுத்தியும் மூடவில்லை என்றால் மேலும் வற்புறுத்தாதீர்கள். தோட்டாவின் அளவே பிழையாக இருக்கலாம்.

இதை உறுதிசெய்யப் பேரலைத் தனியே கழற்றி, அந்தத் தோட்டாவைச் சேம்பருக்குள் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே ‘டக்’கென்று விழ வேண்டும், அடிப்பகுதி பேரலின் பின்நீட்சிக்கு மேல் துருத்தக் கூடாது, கவிழ்த்ததும் தானாக வெளியே விழ வேண்டும். .45 ஏசிபி உறையின் வாய் விளிம்பில்தான் சேம்பரில் உட்காருகிறது. அதனால் மறுநிரப்பிய தோட்டாவில் வாய் விரிந்திருந்தால் மூடாது. வாயின் வெளிவிட்டம் 0.470 முதல் 0.472 அங்குலத்துக்குள் வர வேண்டும்.

அடுத்து எக்ஸ்ட்ராக்டர். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாவைக் கீழிருந்து மேலாகக் கொக்கிக்குள் நுழையுங்கள். இலேசான அழுத்தத்தில் நுழைய வேண்டும். ஸ்லைடை மென்மையாக அசைத்தாலும் தோட்டா விழாமல் தொங்க வேண்டும். நுழையவே மறுத்தால் இறுக்கம் அதிகம், உடனே விழுந்தால் குறைவு. 1911-இன் எக்ஸ்ட்ராக்டர் தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும் ஒற்றைத் துண்டு எஃகு. சேம்பரில் நேரடியாகத் தோட்டாவைப் போட்டு அதன் மேல் ஸ்லைடை விடுவிக்கும் பழக்கம் இந்த இறுக்கத்தைக் கெடுத்துவிடும். எப்போதும் மேகசினிலிருந்தே ஏற்றுங்கள்.

இவை எல்லாம் சரி, ஸ்பிரிங்கும் புதியது, ஆனாலும் மூடவில்லை என்றால் பேரல் பொருத்தத்தைத் தேர்ந்த கன்ஸ்மித்திடம் காட்ட வேண்டும்.

*குண்டின் மூக்கு ரேம்பில் முட்டி நிற்பது.* பெரும்பாலும் மேகசின். அதன் உதடுகள் விரிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் களைத்திருக்கும். வேறு மேகசினில் நிகழாவிட்டால் பழையதைக் குப்பையில் போடுங்கள். எல்லா மேகசினிலும் நிகழ்ந்தால் பிரேமில் உள்ள ரேம்புக்கும் பேரலின் கீழ் விளிம்புக்கும் இடையே 1/32 அங்குலம், அதாவது சுமார் 0.8 மி.மீ. படி இருக்கிறதா என்று பாருங்கள். பேரல் விளிம்பு ரேம்பின் மேல் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் குண்டு அதில் இடிக்கும். சுழல்கருவியால் ரேம்பை மெருகேற்றும் ஆசை வேண்டாம். கோணம் மாறிவிட்டால் பாழாவது பிரேம், பிறகு எந்த ஸ்பிரிங்கும் உதவாது.

*ஸ்லைடு தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் நடு உடலைக் கவ்வுவது.* உறையின் பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மேகசின் தோட்டாவை மேலே தள்ளும் வேகத்தைவிட ஸ்லைடு முன்னே வரும் வேகம் அதிகம். முதல் மருந்து புதிய மேகசின் ஸ்பிரிங். ஆனால் கடினமான ரீகாயில் ஸ்பிரிங் போட்ட பிறகுதான் இது தொடங்கியது என்றால் அதுவே காரணம்: ஸ்லைடு குறைந்த தூரம் பின்னே போய், அதிக வேகத்தில் திரும்புகிறது, மேகசினுக்கு நேரம் போதவில்லை. எண்ணை ஏற்றினால் நம்பகம் ஏறும் என்ற எண்ணம் உடைவது இங்கேதான்.

*காலி உறை ஸ்லைடின் வாயில் சிக்கி நிமிர்ந்து நிற்பது.* ஒற்றைத் தோட்டா சோதனை இங்கே விடை சொல்லும். ஸ்லைடு ஒவ்வொரு முறையும் பூட்டி நிற்கிறது, ஆனாலும் உறை சிக்குகிறது என்றால் ஸ்லைடு முழுத் தூரம் வருகிறது. எஜெக்டரைத் தொடுவதற்குள் உறையை நழுவவிடும் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். பூட்டி நிற்காமலும் உறை சிக்கினால் ஸ்பிரிங் கடினம், அல்லது தோட்டா பலவீனம், அல்லது பிடி தளர்வு. அனுபவமுள்ள வேறொருவர் சுட்டதும் கோளாறு மறைந்தால் துப்பாக்கியைத் தொட வேண்டாம், பிடியைத் திருத்துங்கள்.

*கடைசித் தோட்டாவுக்குப் பிறகு பூட்டாதது, அல்லது தோட்டா இருக்கும்போதே பூட்டுவது.* பூட்டாவிட்டால் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பின் மேல் படிகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மேகசின் ஸ்பிரிங். முன்கூட்டியே பூட்டினால் குண்டின் பக்கம் ஸ்லைடு ஸ்டாப்பின் உள் முனையை உரசுகிறது, அல்லது விரல் அதைத் தூக்குகிறது.

*பிரைமரில் மங்கிய குறி, வெடிக்காத தோட்டா.* டிரிகரை இழுத்து வெடிக்கவில்லை என்றால் குழல்வாயை இலக்கை நோக்கியபடியே 30 விநாடி காத்திருங்கள், பிறகு வெளியேற்றுங்கள். 1911-இல் வழக்கமான காரணங்கள் பலமிழந்த மெயின்ஸ்பிரிங், ஃபயரிங் பின் துளையில் அழுக்கு. கிளாக் போன்ற ஸ்டிரைக்கர் துப்பாக்கிகளில் மட்டும் ரீகாயில் ஸ்பிரிங் நேரடியாகக் குற்றவாளியாகலாம். அங்கே டிரிகரை இழுக்கும்போது ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னோக்கி இழுக்கிறது, ரீகாயில் ஸ்பிரிங் அதை முன்னே பிடித்து வைத்திருக்கிறது. மிக இலகுவான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு சற்றே திறந்துவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு: காலித் துப்பாக்கியை நேராக மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரை இழுத்து அப்படியே வைத்து, ஸ்லைடைப் பின்னே இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள். தானாக முழுதாக மூட வேண்டும்.

கடின ஸ்பிரிங்கின் விலை

பிரேமைக் காப்பாற்ற 20, 22 பவுண்டு போடுபவர்கள் உண்டு. பின்னோக்கிய அடி குறைவது உண்மைதான். அதே சக்தி முன்னோக்கித் திரும்புகிறது: பேரலின் அடிக்காதுகள் ஸ்லைடு ஸ்டாப் ஊசியில் ஓங்கி மோதுகின்றன, குழல்வாய் கீழே குனிகிறது, அடுத்த குறி தாமதமாகிறது. 18.5-ஐ மேல் எல்லையாக வைப்பது இதனால்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்லைடு ஓங்கி மூடும்போது ஃபயரிங் பின் தன் வேகத்தில் முன்னே நழுவப் பார்க்கும், அதைத் தடுப்பது அதன் சிறிய ஸ்பிரிங். ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும்போதெல்லாம் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். வுல்ஃப் தன் பாக்கெட்டிலேயே கூடுதல் பலமுள்ள ஒன்றைச் சேர்த்துத் தருவது இதற்காகத்தான்.

எப்போது மாற்றுவது

முழு அளவு 1911-இல் 2000 முதல் 3000 ரவுண்டுக்கு ஒருமுறை. 3.5 அங்குலத் துப்பாக்கியில் 500 முதல் 1000. தட்டைக் கம்பி ஸ்பிரிங்குகள் இதைவிட அதிகம் உழைக்கும். வாங்கிய நாளில் புதிய ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து பாக்கெட்டில் எழுதி வையுங்கள், முழு அளவுக்கு அது 6.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். புதிய ஸ்பிரிங் சில நூறு ரவுண்டில் கொஞ்சம் சுருங்கி நிலைபெறும், அது இயல்பு. அரை அங்குலத்துக்கு மேல் சுருங்கினால், அல்லது அதே தோட்டாவில் உறைகள் வழக்கத்தைவிடத் தூரம் பறக்கத் தொடங்கினால், ரவுண்டு கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள். புதிய ஸ்பிரிங் மாட்டிய துப்பாக்கியைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் முன், எடுத்துச் செல்லும் அதே தோட்டாவில், அதே மேகசின்களில், ஒற்றைத் தோட்டா சோதனையை இரண்டு கைகளிலும் மறுபடி நடத்துங்கள்.